தொங்கும் கார் மேல்துணியை வீட்டிலேயே சரிசெய்ய...

எஞ்சின் நன்றாக ஓடும், ஏசி குளிரும், டயரும் புதிது. ஆனால் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் தலைமுடியில் துணி உரசும். பத்துப் பன்னிரண்டு வருடம் வெயிலில் நின்ற கார்களில் இது சர்வசாதாரணம். கடைக்காரர்கள் இதை ரூஃப் லைனிங் என்பார்கள். வீட்டில் மேல்துணி என்றால் புரியும். கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆளும், ஒரு சனி ஞாயிறும், சாதாரண ஸ்பேனர் செட்டும் இருந்தால் வீட்டு வாசலிலேயே இதைச் சரிசெய்துவிடலாம். பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான்: பசை விட்டுவிட்டது என்று நினைத்துப் பசையை மட்டும் புதிதாகப் பூசுகிறார்கள். கெட்டுப்போனது பெரும்பாலும் பசை அல்ல, துணிக்குப் பின்னால் இருக்கும் ஃபோம்.

1. முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். தொங்கும் இடத்தில் துணியை உள்ளங்கையால் மேலே அழுத்தி, லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சரசரவென்று மணல் நகர்கிற உணர்வு இருந்தால், அல்லது ஓரத்தைப் பிரித்ததும் கடலை மாவு போல மஞ்சள் தூள் மடியில் கொட்டினால், ஃபோம் செத்துவிட்டது என்று அர்த்தம். மேல்துணி என்று நாம் சொல்வது வெறும் துணி அல்ல. மெல்லிய பாலியஸ்டர் பின்னல் துணியும், அதன் முதுகில் சுமார் 3 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் ஃபோமும் சேர்ந்த ஒரே விரிப்பு. தொழிற்சாலையில் ஃபோமின் மேற்பரப்பைத் தீயில் லேசாக உருக்கித் துணியோடு ஒட்டிவிடுவார்கள். அந்த விரிப்பைத்தான் காரின் கூரை வளைவுக்கு ஏற்ப அழுத்திச் செய்த அட்டையில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். வெயிலும் காற்றின் ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் ஃபோமை அரிக்க, அது தூளாகிறது. துணி ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், நடுவில் பிடிப்பே இல்லை. இந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த பசை போட்டாலும் அது தூளைத்தான் பிடித்துக்கொள்ளும்.

2. ஓர் ஓரம் மட்டும் விட்டு, உள்ளே ஃபோம் இன்னும் பஞ்சாக, அமுக்கினால் எழும்பி வருகிறதா? உங்களுக்கு யோகம். அந்த ஓரத்தை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து, பசை போட்டு உள்ளே சொருகினால் போதும். மற்ற குறிப்புகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

3. பழுப்பு வளையக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மழைத்தண்ணீர் இறங்குகிறது. முன் கண்ணாடி ரப்பர், கூரை மேல் ஆன்டெனாவின் அடிப்பாகம், கேரியர் ஸ்க்ரூ போட்ட துளைகள், கூரையின் இரு பக்கமும் ஓடும் பள்ளத்தில் வெடித்த சீலன்ட், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுங்கள். ஒருவர் மேலே குழாயில் தண்ணீர் விட, மற்றவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும். ஒழுகலை அடைக்காமல் புதுத் துணி போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

4. உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கூரையைத் தட்டினால் கெட்டியாக ஒரு பலகையின் ஓசை வந்தால் அது அட்டை வகை. இன்று ஓடும் கார்கள் பெரும்பாலும் இதுதான். அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளில் அட்டையே கிடையாது. தைத்த துணியோ ரெக்சினோ குறுக்குக் கம்பிகளில் தொங்கும். அதன் வைத்தியம் வேறு; அதைப் பிறகு சொல்கிறேன்.

5. குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இரண்டும் வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது பின் உதிர்ந்து கண்ணிலோ குழந்தையின் சட்டைக்குள்ளோ விழும். ஆனால் பின்பக்கக் கண்ணாடியை மறைக்கும் அளவுக்குத் துணி தொங்கினால் அப்படியே ஓட்டுவதும் ஆபத்து. வேலை செய்ய நாள் கிடைக்கும் வரை தொங்கும் துணியைக் கத்தியால் ஒழுங்காக அறுத்து எடுத்துவிடுங்கள். அட்டை வெறுமனே தெரியும், பார்க்க நன்றாக இருக்காது, ஆனாலும் பத்திரம்.

6. கூரை ஓரத்திலோ பக்கத் தூண்களிலோ ஏர்பேக், எஸ்ஆர்எஸ் என்று ஏதாவது எழுத்து இருந்தால் நின்றுவிடுங்கள். அந்த பிளாஸ்டிக்குக்குள் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய காரில் இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் கொடுப்பதே முறை. விரியும்போது ஏர்பேக்குக்குக் குறுக்கே துணியோ பசையோ நின்றால் உயிர்காக்கும் பொருளே முடங்கிப்போகும். ஏர்பேக் இல்லாத காரிலும், வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். அறை விளக்கின் வயரைக் கையாளும்போது ஃபியூஸ் போகாமல் இருக்கும்.

7. துணி வாங்கும்போது கவனம். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் போனால் ஃபோம் ஒட்டிய ரூஃப் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். மற்ற ஊர்களில் சீட் கவர் கடைகளில் கேளுங்கள். அட்டையின் நீளத்தை நடுவிலும், அகலத்தை அதிக வளைவு உள்ள இடத்திலும், டேப்பை வளைவோடு சேர்த்துப் படிய வைத்து அளக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள். ஃபோம் 3 மி.மீ. தடிமன் போதும். மெத்தென்று இருக்கட்டும் என்று 6 மி.மீ. வாங்கினால் விளக்குக் குழியிலும் சன்வைசர் பள்ளத்திலும் அது படியவே படியாது.

8. வீட்டில் மீந்துபோன திரைச்சீலைத் துணி, பழைய வேட்டி, பனியன் துணி எதையும் கூரையில் ஒட்டாதீர்கள். ஃபோம் இல்லாத துணியில் அட்டையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் வெளியே தெரியும் என்பது சின்ன விஷயம். தீ பரவும் வேகம்தான் பெரிய விஷயம். காரின் உள்துணிகள் எவ்வளவு மெதுவாக எரிய வேண்டும் என்று வரையறுக்க ஐ.எஸ். 15061 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. காருக்கென்று செய்த துணியை மட்டுமே கேட்டு வாங்குங்கள்.

9. துணியைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பாருங்கள். பின்னல் துணி ஒரு பக்கம் அதிகமாக நீளும். நல்ல துணி இரண்டு பக்கமும் கொஞ்சமாவது கொடுக்கும். எந்தப் பக்கமும் நீளாத துணி வளைவில் சுருக்கம் விழாமல் உட்காராது. நிறம் உங்கள் விருப்பம். சன்வைசரும் தூண் பிளாஸ்டிக்கும் வெளிர் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதற்கு நெருங்கிய நிறமே கண்ணுக்கு உறுத்தாது. சன்வைசர் ஒன்றைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப் போய்விடுங்கள்.

10. பசை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தச்சர்கள் மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. அது வெயில் சூட்டில் இளகும், அதிலுள்ள தண்ணீர் அட்டையையும் ஊறவைக்கும். மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரியைத் தொடுவது நம் ஊரில் புதிதல்ல. கூரைத் தகடு அதைவிடக் கொதிக்கும். ரெக்சின், ஃபோம் ஒட்டுகிற சின்தெடிக் ரப்பர் பசையையோ, ரூஃப் துணிக்கென்றே விற்கும் ஸ்ப்ரே பசையையோ வாங்குங்கள். டின்னில் வெப்பம் தாங்கும் அளவு போட்டிருக்கும். படித்துப் பார்த்து, அதிக சூடு தாங்குவதை எடுங்கள்.

11. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுங்கள். சன்வைசர், அதன் கொக்கி, அறை விளக்கு, கைப்பிடிகள், சட்டை மாட்டும் கொக்கி, கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங், முன் தூண், நடுத் தூண், பின் தூண் பிளாஸ்டிக்குகள் என்ற வரிசையில் போகலாம். கைப்பிடியின் ஸ்க்ரூக்கள் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பொருளின் ஸ்க்ரூவையும் தனித்தனிக் கவரில் போட்டு மேலே பெயர் எழுதி வைத்தால், மறுநாள் மாலையில் ‘இது எதனுடையது’ என்று தலையைச் சொறிய வேண்டாம்.

12. பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து மொறுமொறுத்துப் போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப்பும் உடையும், பெயின்ட்டிலும் கீறல் விழும். மெல்லிய மரச்சட்டமோ துணி சுற்றிய பட்டையோ கொண்டு, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் நெம்புங்கள். எப்படியும் இரண்டு மூன்று உடையும். முதலிலேயே ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

13. சில கார்களில் தூண் பிளாஸ்டிக்கை எடுக்க சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டைக் கழற்ற வேண்டிவரும். திருப்பி மாட்டும்போது காரின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும். ரெஞ்ச் இல்லையென்றால் பக்கத்து ஒர்க்ஷாப் ஆளை வரவழைத்து இறுக்கிய பிறகுதான் காரை வெளியே எடுக்கலாம். இதில் சமாதானமே கிடையாது.

14. அட்டையை வெளியே எடுக்க இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். முன் சீட்டுகளின் முதுகைப் படுக்கையாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பின்கதவு மேலே திறக்கும் சின்ன கார்களில் அட்டை அவ்வழியே வந்துவிடும். டிக்கி தனியாக உள்ள செடானில் பக்கக் கதவு வழியே கோணலாகத் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கும் இடிக்கிறது என்றால் முன் சீட்டின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றி சீட்டையே எடுத்துவிடுவது உத்தமம். சீட்டுக்கு அடியில் வயர் ஓடினால் அதைப் பிடுங்காமல் பார்த்துக் கழற்றுங்கள். அட்டையை மடித்து நுழைக்கப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு புதுத் துணி போட்ட பிறகும் போகாது.

15. இந்த வேலை முழுவதிலும் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்: பழைய ஃபோமைச் சுரண்டி எடுப்பது. துணியை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் ஒரே உரிப்பில் வந்துவிடும். அட்டையில் தங்கும் ஃபோம் இடத்துக்கு இடம் வேறு மாதிரி இருக்கும். வெயில் அதிகம் பட்ட பின்பகுதியில் தட்டினாலே உதிரும். நிழலில் இருந்த பக்கங்களில் பழுப்பாகப் பிசுபிசுத்து, விரலால் தேய்த்தால் உருண்டை உருண்டையாகத் திரளும். கெட்டியான நைலான் பிரஷ் எடுத்து, வட்டமாகத் தேய்க்காமல் ஒரே திசையில் தள்ளுங்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது. அட்டையின் மேல்தோலைப் பிய்த்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. அட்டை உப்பி வடிவம் போய்விடும். உள்ளங்கையை வைத்து இழுத்துப் பாருங்கள். கையில் மஞ்சள் ஒட்டுகிறது என்றால் இன்னும் முடியவில்லை. கை சுத்தமாக வரும் வரை தேய்த்து, பிறகு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மறுபடியும் கை வைத்துப் பாருங்கள். ஓர் அட்டைக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும், ஆகட்டும். கடையில் கொடுத்த துணி சில மாதத்திலேயே மறுபடி தொங்கினால், இந்த இரண்டு மணி நேரத்தை யாரோ அங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

16. சுரண்டும்போது மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். சில அட்டைகள் கண்ணாடி இழையால் ஆனவை. முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாவிட்டால் அன்று இரவு முழுக்க அரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த ஒரு கட்டத்தை வேறு ஆளிடம் விட்டுவிடலாம்.

17. அட்டையில் விரிசலோ சன்வைசர் துளை பெரிதாகிக் கிழிந்ததோ இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். பின்பக்கத்தில், அதாவது தகட்டைப் பார்க்கும் பக்கத்தில், கண்ணாடி இழைத் துணித் துண்டை ரெசினில் தோய்த்து ஒட்டி நன்றாக இறுகவிடுங்கள். முன்பக்கத்தில் ஒட்டினால் அந்த மேடு துணிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும்.

18. பசை போடும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். ஈரக்காற்றில் பசையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து பிடிப்பு கெடும். உச்சி வெயிலிலும் வேண்டாம். ஒரு பக்கம் பூசி முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துவிடும். பனி விலகிய காலை நேரம், நிழல், காற்றோட்டம் மூன்றும் இருந்தால் போதும். இந்தப் பசையிலிருந்து எழும் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, பீடி சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிள்ளைகளை வேறு பக்கம் விளையாட அனுப்புங்கள்.

19. ஒட்டும் முறை. அட்டையை இரண்டு ஸ்டூல் மேல் வைத்து, துணியைப் பசை இல்லாமல் விரித்து, நான்கு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு பாதித் துணியை மட்டும் மடித்துப் பின்னால் போடுங்கள். வெளியே தெரியும் பாதி அட்டையிலும், அந்தப் பாதித் துணியின் ஃபோம் பக்கத்திலும், இரண்டிலுமே மெல்லிசாகப் பசை பூச வேண்டும். ஓரங்களிலும் பள்ளங்களிலும் இன்னொரு கோட் கொடுக்கலாம். தேங்கவிட்டால் பசை ஃபோமை ஊடுருவித் துணியில் கறையாக வெளிப்படும். அந்தக் கறை போகவே போகாது. பூசியதும் ஒட்டிவிடாதீர்கள். டின்னில் சொன்ன நேரம் பொறுத்து, விரலால் தொட்டுப் பாருங்கள். நூல் நூலாக இழுத்தால் இன்னும் ஈரம். பிசுக்கென்று இருந்தும் விரலில் ஒட்டாமல் விட்டால் அதுதான் பதம். இப்போது நடுவிலிருந்து தொடங்கி, உள்ளங்கையால் வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போங்கள். ஒருவர் துணியைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் தடவ வேண்டும். பள்ளம் வரும்போது அதன் அடியில் முதலில் விரலால் அமுக்கி உட்காரவைத்து, பிறகு மேட்டுக்கு ஏறுங்கள். பள்ளத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டினால் முதல் வெயிலிலேயே அங்கே கொப்புளம் எழும்பும். ஒரு பாதி முடிந்ததும் மறு பாதியையும் இதே மாதிரி முடியுங்கள்.

20. சுருக்கம் விழுந்தால் உடனே, பசை பிடிக்கும் முன், மெதுவாகத் தூக்கி மறுபடி படியவிடுங்கள். ஓங்கிப் பிடுங்கினால் ஃபோம் பிய்ந்து அட்டையோடு போய்விடும்.

21. முழு நாள் காயவிட்ட பிறகுதான் கத்தரியைத் தொட வேண்டும். ஓரத்தில் 3 செ.மீ. விட்டு வெட்டி, பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். வளைவுகளில் சின்னச் சின்ன வெட்டு கொடுத்தால் மடிப்பு தடிக்காது. விளக்குத் துளையில் வட்டமாக அறுக்காமல் பெருக்கல் குறியாகக் கீறி, நாக்குகளைப் பின்னால் மடித்து ஒட்டுங்கள். ஸ்க்ரூ துளைகளை அட்டையின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் குத்தி அடையாளம் பண்ணிக்கொண்டால் இடம் தவறாது.

22. மாட்டும்போது கையைக் கழுவிக்கொண்டு தொடங்குங்கள்; வெளிர் துணியில் கிரீஸ் விரல் பட்டால் பட்டதுதான். விளக்கு வயர் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து, சன்வைசரையும் கைப்பிடிகளையும் தளர்வாக மாட்டி, அட்டை இரு பக்கமும் சமமாக உட்கார்ந்த பிறகே எல்லாவற்றையும் இறுக்குங்கள். கடைசியில் கதவு ரப்பர் பீடிங்கின் உதடு அட்டை ஓரத்துக்கு மேல் படிகிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

23. கம்பி வகைக் கூரைக்கு: அம்பாசடர் போன்ற வண்டியில் பழைய துணியைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அதுதான் புதுத் துணிக்கு அளவு. தையலைப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதுங்கள். கம்பிகளையும் முன்னிருந்து பின்னாக எண் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு, மாறினால் கூரை கோணிக்கொள்ளும். ரெக்சினை மாட்டும் முன் அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகி, இழுத்த பக்கம் வரும். தைக்க நல்ல குஷன் வேலைக்காரரை நாடுவதே புத்திசாலித்தனம். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒருவரைக் கண்டுபிடித்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

24. கடையில் கொடுப்பதானால் மூன்று கேள்வி கேளுங்கள். அட்டையை வெளியே எடுத்துச் செய்வீர்களா? பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டுவீர்களா? புதுத் துணியை ஒட்டும் முன் அட்டையை நான் வந்து பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கும் கடையை விட்டு நகருங்கள். பழைய துணி மேலேயே புதுத் துணியை ஒட்டிக் கொடுக்கிறேன் என்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வண்டியை விடாதீர்கள்.

25. பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. நிழலில் நிறுத்துங்கள்; வெயிலில் நிறுத்த நேர்ந்தால் முன் கண்ணாடிக்கு மறைப்புப் போட்டு, பத்திரமான இடமென்றால் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது மேல்துணியில் ஷாம்பூ நுரையைக் கொட்டி ஊறவைக்க வேண்டாம், நீராவிக் குழாயும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழுக்குப் பட்டால் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வேக்குவம் குழாயின் வாயைத் துணியில் நேராக வைத்து உறிஞ்சினால் துணி ஃபோமிலிருந்து விட்டுக்கொண்டு வந்துவிடும். தூசி தட்ட மென்மையான பிரஷ்ஷே போதும்.